முத்தி இல்லத்து அன்னை பண்டிதை இரமாபாய்

பெரியோர் சரிதம் எழுதப் புகுவோர் தம் சமயத்துப் பெரியோரையே எடுத்துக்கொள்வது வழக்கம். நாயன்மார் சரிதமும், நாவலர் பெருமான் சரிதமும், சுவாமி விவேகானந்தர் சரிதமும் இத்தகைய மலர்களிலே திரும்பத் திரும்ப இடம்பெறுவது நியாயமே. இம்முறை நாம் எடுத்துக்கொண்டவரோ இந்து சமயத்திலே பிறந்து, அதன் சாத்திரங்களை ஐயந்திரிபறக் கற்று, பின்பு கிறிஸ்து சமயத்தைத் தழுவிய ஓர் அம்மையார். அநாதைப் பெண்களுக்கும் இளம் விதவைகளுக்கும் புகலிடமாக அவர் நிறுவிய முக்தி மிஷன் என்னும் கிறிஸ்தவத் தாபனம் மகாராட்டிர தேசத்திலே இன்றும் இயங்கி வருகின்றது. அவரைப் புகழ்ந்து பாடுவதும் நம் நோக்கமன்று. இகழ்ந்து ஒதுக்குவதும் நம் நோக்கமன்று. அவருடைய வாழ்க்கை நம்மிடம் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. அக்கேள்விக்குச் செவிசாய்ப்பதற்காகவே இச்சரிதத்தை எழுதுகின்றோம்.

காட்டிலே பிறந்த கலைமகள்

இரமாபாயின் தந்தையார் அனந்த சாஸ்திரி டோங்கரே என்னும் மராட்டிய அந்தணர். சமஸ்கிருதத்திலே பெரும் புலமை படைத்தவர். ஆண்களைப் போலப் பெண்களுக்கும் வடமொழிக் கல்வி அளித்தல் தகும் என்பது அவர் கொள்கை. அக்கொள்கையைப் பிறருக்கு உபதேசித்ததோடு நில்லாமல், தம் இளம் மனைவியாராகிய லட்சுமிபாய்க்குத் தாமே ஆசிரியராய் அமர்ந்து கற்பித்தார். ஊரும் உறவும் இதனைப் பொறுக்கவில்லை. சாஸ்திரியார் ஊரை விட்டு, மேற்கு மலைத்தொடரிலே துங்கை, பத்திரை என்னும் நதிகள் ஊற்றெடுக்கும் கங்கமூலாக் காட்டிற்குச் சென்று ஆசிரமம் அமைத்துக்கொண்டார். அக்காட்டிலே 1858ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதம் 23ஆந் தேதி இரமாபாய் பிறந்தார்.

ஆசிரமத்தில் வந்து தங்கிய மாணவருக்கும் யாத்திரிகருக்கும் அன்னமிட்டே சாஸ்திரியாரின் பொருள் கரைந்தது. குழந்தைக்கு ஆறு மாதம் ஆனபோது குடும்பம் காட்டை விட்டுப் புறப்பட்டது. பிரம்புக் கூடையிலே வைத்துத் தலைச்சுமையாகவே குழந்தையை மலையிலிருந்து இறக்கினார்கள். அன்று தொடங்கிய யாத்திரை பல்லாண்டு ஓயவில்லை. தலம் தலமாகச் சென்று, கோயில் மண்டபங்களிலும் குளக்கரைகளிலும் அமர்ந்து புராணம் படிப்பதும், கேட்போர் விரும்பி அளிக்கும் காணிக்கையைக் கொண்டு வாழ்வதுமே அக்குடும்பத்தின் தொழிலாயிற்று. நம் கோயில்களிலே புராண படனம் கேட்டுப் பழகிய நமக்கு இக்காட்சியை மனக்கண்ணால் காண்பது அரிதன்று.

வழிநடையிலேயே தாயார் மகளுக்கு ஆசிரியரானார். விடியற்காலையில் எழுப்பி இலக்கணமும் நிகண்டும் காவியமும் சொல்லிக் கொடுத்தார். பன்னிரண்டு வயதளவிலே பாகவத சுலோகங்கள் பல்லாயிரம் அச்சிறுமிக்கு மனப்பாடமாயின. அக்காலத்தில் அந்தணர் குலத்துப் பெண் குழந்தைகளுக்குப் பத்து வயதுக்குள் விவாகம் முடிப்பது வழக்கம். மூத்த மகளின் பால்ய விவாகம் துன்பத்தில் முடிந்ததைக் கண்ட சாஸ்திரியார், இளைய மகளை அவ்வாறு கொடுக்க மனங்கொள்ளவில்லை.

தாயின் பாடை

1874ஆம் ஆண்டளவில் இக்குடும்பம் தென்னாட்டுப் பஞ்சத்திலே அகப்பட்டது. சாஸ்திரியார் முதுமை அடைந்து பார்வையும் இழந்திருந்தார். கையிலிருந்த பொருளெல்லாம் விற்றுத் தீர்ந்தன. கூலி வேலைக்குப் பழகாத குடும்பம். பிச்சை எடுக்கவோ நாணம் தடுத்தது. நாட்கணக்காக நீரும் இலைகளுமே உணவாயின. தந்தையார் முதலில் மறைந்தார். சில வாரங்களிலே தாயாரும் படுக்கையில் வீழ்ந்தார். நோயுற்ற தாய் ஒரு துண்டு கம்பு ரொட்டி வேண்டும் என்று கேட்க, அயல்வீட்டு வாசலிலே போய் நின்ற பெண்ணுக்கு வாய் திறந்து கேட்க இயலவில்லை. கண்ணீரை அடக்குவதே பெரும்பாடாயிற்று. அவ்வீட்டு அம்மையார் முகக்குறிப்பால் உணர்ந்து உணவு கொடுத்தார் என்பர்.

தாயார் இறந்தபோது பாடை தூக்க ஆளில்லை. மயானமோ மூன்று மைல் தூரம். இரங்கி வந்த அந்தணர் இருவர். மகன் சீனிவாசன் மூன்றாமவர். நான்காவது ஆளாக இரமாபாய் தோள் கொடுத்தார். அவர் உயரங் குறைந்தவராதலால், மற்றவர்க்குச் சமமாகப் பாடையைத் தலையிலே தாங்கிச் சென்றார். பின்னர் மூத்த சகோதரியும் நோயால் இறந்தார். பதினாறு வயதுப் பெண்ணின் தலையில் ஏறிய அந்தப் பாரத்தை அன்பர்கள் மறவாதிருக்க வேண்டும். பிற்காலத்தில் அவர் செய்த செயலுக்கெல்லாம் வித்து அங்கேதான் விழுந்தது.

கல்கத்தா தந்த பட்டம்

எஞ்சிய அண்ணனும் தங்கையும் காஷ்மீரம் வரை கால்நடையாகவே பாரத பூமியைச் சுற்றினர். 1878ஆம் ஆண்டில் கல்கத்தா நகரை அடைந்தனர். இருபது வயதுப் பெண் ஒருத்தி சமஸ்கிருதத்தில் சரளமாக உரையாடுவதைக் கேட்டு அங்கிருந்த பண்டிதர்கள் வியந்தனர். சபை கூட்டிச் சோதித்துப் பண்டிதை என்றும் சரஸ்வதி என்றும் பட்டமளித்தனர். அப்பட்டம் பெற்ற முதற் பெண் அவரே. பெண்கள் ஓதலாகாது என்று தாம் எண்ணி விலக்கியிருந்த வேத நூலை அவர் கையில் கொடுத்து, ஓதுக என்று ஊக்கியவர் கேசவ சந்திர சேனர். ஆயின் தர்ம சாத்திரங்களை ஆழ்ந்து கற்கக் கற்க, பெண்களைப் பற்றியும் தாழ்த்தப்பட்ட சாதியாரைப் பற்றியும் அவற்றிலே கண்ட விதிகள் அவர் உள்ளத்தைப் புண்படுத்தின.

1880ஆம் ஆண்டில் சகோதரனும் இறந்தான். அவ்வாண்டிலேயே விபின் விகாரி மேதாவி என்னும் வங்காள வழக்கறிஞரைப் பதிவு விவாகம் செய்துகொண்டார். சாதியும் மொழியும் கடந்த அவ்விவாகத்தை இரு பக்கத்தாரும் ஏற்கவில்லை. மறு ஆண்டு மனோரமா என்னும் மகள் பிறந்தாள். 1882ஆம் ஆண்டு தொடக்கத்திலே கணவர் வாந்திபேதியால் மரித்தார். இருபத்து நான்கு வயது நிரம்புமுன் இரமாபாய் தாமே விதவையானார்.

பூனாவுக்குத் திரும்பிய அம்மையார் அங்கே ஆரிய மகிளா சமாஜம் என்னும் மாதர் சங்கத்தை நிறுவினார். அவ்வாண்டு அரசாங்கம் அமைத்த கல்விக் குழுவின் முன்னே சாட்சியம் அளித்து, பெண்களுக்குப் பெண் ஆசிரியர்களும் பெண் வைத்தியர்களும் வேண்டும் என்று வாதாடினார். தாமே வைத்தியம் கற்க வேண்டும் என்னும் ஆசையோடு, மராட்டியில் எழுதிய ஒரு நூலின் வருவாயைக் கொண்டு 1883ஆம் ஆண்டில் இங்கிலாந்துக்குக் கப்பலேறினார்.

சமய மாற்றம்

இங்கிலாந்திலே வான்டேஜ் என்னும் ஊரிலுள்ள கிறிஸ்தவ சகோதரிகளின் மடத்திலே தங்கினார். சமுதாயம் தள்ளிவிட்ட பெண்களுக்கு அச்சகோதரிகள் செய்த தொண்டை இலண்டன் மாநகரிலே நேரிற் கண்டார். விழுந்தவளையும் கைகொடுத்துத் தூக்கும் சமயம் இது என்னும் எண்ணம் அவர் மனத்தைக் கவர்ந்தது. அவ்வாண்டிலேயே மகளோடு ஞானஸ்நானம் பெற்றார். காது மந்தமாகி வந்தமையால் வைத்தியக் கல்வி கைகூடவில்லை. செல்ட்டன்ஹாம் மகளிர் கல்லூரியிலே சமஸ்கிருதம் கற்பித்துக்கொண்டு தாமும் கற்றார்.

இங்கே ஒன்று கூறுதல் வேண்டும். மதம் மாறியவர் என்றவுடன் நடையும் உடையும் உணவும் மாறியவர் என்று நாம் எண்ணிவிடுகின்றோம். இரமாபாய் இறுதிவரை மரக்கறி உணவே உண்டார். வெள்ளைப் பருத்திச் சேலையே உடுத்தார். சிலுவையிலே இலத்தீன் மொழி வாசகம் எதற்கு, சமஸ்கிருத வாசகம் பொறித்தால் ஆகாதோ என்று மடத்துச் சகோதரிகளிடம் வாதாடினார். தமக்கு விளங்காத கோட்பாட்டைக் குருமார் சொன்னார்கள் என்பதற்காக ஒப்புக்கொள்ளவும் மறுத்தார். அனந்த சாஸ்திரியின் மகள் அங்கும் அனந்த சாஸ்திரியின் மகளாகவே இருந்தாள்.

1886ஆம் ஆண்டில், உறவினராகிய ஆனந்திபாய் ஜோஷி வைத்தியப் பட்டம் பெறும் விழாவைக் காண அமெரிக்கா சென்றார். அங்கே நகர்தோறும் பேசி, உயர்குலத்து இந்துப் பெண்களின் நிலையைப் பற்றி ஆங்கிலத்தில் ஒரு நூலும் வெளியிட்டார். 1887ஆம் ஆண்டில் பொஸ்ரன் நகரத்து அன்பர்கள் அவர் பெயராலே ஒரு சங்கம் அமைத்து, விதவைகளுக்கான பாடசாலை ஒன்றுக்குப் பத்தாண்டு பொருளுதவி செய்ய உறுதி கூறினர். அப்பாடசாலை எச்சமயத்தையும் போதியாது நடுநிலையில் நிற்கும் என்பது ஏற்பாடு.

சாரதா சதனமும் பூனாப் பூசலும்

1889ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் பம்பாயிலே சாரதா சதனம் திறக்கப்பட்டது. மறு ஆண்டு பூனாவுக்கு மாறியது. தலை மழிக்கப்பட்டு, மங்கல காரியங்களில் முகங்காட்டவும் தடுக்கப்பட்டு, வீட்டு மூலையிலே வாழ்ந்த இளம் விதவைகள் அங்கே எழுத்தும் கணக்கும் தையலும் கற்றனர். ரானடே, பண்டார்க்கர் முதலிய இந்துச் சான்றோர் ஆலோசனைக் குழுவிலிருந்து ஆதரவளித்தனர்.

நான்கு ஆண்டுகளுக்குள் பூசல் மூண்டது. அம்மையார் தம் அறையிலே கிறிஸ்தவ ஜெபம் செய்வார், கதவு திறந்திருக்கும், பிள்ளைகள் சிலர் சென்று அமர்ந்தனர், சிலர் கிறிஸ்து சமயத்தை நாடினர். நடுநிலை என்று சொல்லி மதம் மாற்றுகிறார் என்று திலகரின் கேசரிப் பத்திரிகை கடுமையாகக் கண்டித்தது. நான் எவரையும் அழைக்கவில்லை, வருபவரைத் தடுக்கவும் மாட்டேன் என்பது அம்மையாரின் நிலை. 1893ஆம் ஆண்டில் ஆலோசனைக் குழுவினர் விலகினர். இருபதுக்கு மேற்பட்ட பிள்ளைகளைப் பெற்றோர் திரும்ப அழைத்துச் சென்றனர்.

இவ்விடயத்தில் நாம் நடுநின்று பேசுவோம். அன்னமும் ஆடையும் அன்பும் ஒரே கையால் வரும்போது, அக்கையின் தெய்வமும் கூடவே வருகின்றது. தாயற்ற பிள்ளை தன்னைத் தாங்குபவளின் தெய்வத்தையே வணங்க விரும்பும். அதனைச் சுதந்திரமான தெரிவு என்று முழுமனத்தோடு சொல்ல இயலாது. பெற்றோர் ஒரு வாக்குறுதியை நம்பி ஒப்படைத்த பிள்ளைகள் விடயத்தில் அவர்கள் கொண்ட ஐயம் நியாயமானதே. திலகர் தரப்பு வாதத்திலே உண்மை இருந்தது. ஆயினும் அவ்வுண்மை பாதியே. திரும்ப அழைத்துச் செல்லப்பட்ட அப்பெண்களுக்கு அவர்தம் வீடுகளிலே என்ன காத்திருந்தது என்பது மறு பாதி.

பஞ்சத்தில் எடுத்த பிள்ளைகள்

1896ஆம் ஆண்டு மழை பொய்த்து மத்திய மாகாணங்களிலே கொடும் பஞ்சம் பரவியது. அரசாங்கம் நடத்திய நிவாரண முகாம்களிலே என்புந் தோலுமான மக்கள் திரண்டனர். பெற்றோரை இழந்த பெண் பிள்ளைகளைத் தீய தொழிலுக்குக் கவர்ந்து செல்லும் கயவரும் அங்கே திரிந்தனர். செய்தி கேட்ட இரமாபாய்க்கு இருபது ஆண்டுகளுக்கு முந்திய தம் பசியும் தாயின் பாடையும் நினைவுக்கு வந்தன. கையிலே போதிய பொருளில்லை, ஆயினும் புறப்பட்டார். முகாம் முகாமாகச் சென்று, ஏறக்குறைய 300 பெண் பிள்ளைகளைச் சேர்த்துக் கொணர்ந்தார்.

அப்பொழுது பூனாவிலே பிளேக்கு நோய் பரவியிருந்தது. பஞ்சப் பிள்ளைகளை நகரில் வைத்திருக்க அதிகாரிகள் இடந்தரவில்லை. பூனாவிலிருந்து ஏறக்குறைய 40 மைல் தொலைவிலே கேட்காவ் புகையிரத நிலையத்தின் அருகே, சாரதா சதனத்தின் செலவுக்கென்று பழத்தோட்டம் வைக்க அம்மையார் வாங்கியிருந்த நிலம் கிடந்தது. அங்கே கூடாரம் அடித்துப் பிள்ளைகளைக் குடியேற்றினார். கிணறு தோண்டி, சுவர் எழுப்பி, 1898ஆம் ஆண்டில் அவ்விடத்திற்கு முக்தி என்று பெயரிட்டார். சமயத்தை மாற்றிக்கொண்ட அம்மையார் தம் இல்லத்திற்கு இட்ட பெயர், நாம் முத்தி என்று போற்றி வேண்டும் அதே சொல்லேயாகும்!

பொஸ்ரன் சங்கம் வாக்களித்த பத்தாண்டும் அவ்வாண்டிலேயே முடிந்தது. முக்தி இல்லம் மறைவின்றி ஒரு கிறிஸ்தவத் தாபனமாகவே நடந்தது. 1900ஆம் ஆண்டில் குசராத்திலே பஞ்சம் வந்தபோது அங்கிருந்தும் பிள்ளைகளை எடுத்துவந்தார். அக்காலத்தில் இல்லத்தில் வாழ்ந்தோர் தொகை 2,000 வரை உயர்ந்தது.

இத்தனை பேருக்கு நாள்தோறும் உணவளிப்பது எவ்வாறு? அதிலேதான் அம்மையாரின் திறமை விளங்கியது. சாரதா சதனத்திலே கற்றுத் தேறிய விதவைகள் பஞ்சப் பிள்ளைகளுக்கு ஆசிரியரும் தாயருமாயினர். வளர்ந்த பெண்கள் காய்கறித் தோட்டம் பயிரிட்டனர், மாடு வளர்த்தனர், தறி நெய்தனர், எண்ணெய் ஆட்டினர், ஆடை தைத்தனர். அச்சுக்கூடம் ஒன்று அமைத்து, எழுத்துக் கோப்பது முதல் புத்தகம் கட்டுவது வரை பெண்களே செய்தனர். நேற்று வரை தீண்டத்தகாதவளாய் மூலையில் கிடந்த விதவை, இன்று அச்செழுத்துக் கோக்கும் தொழிலாளி. வழிதவறியவர் எனத் தள்ளப்பட்ட பெண்களுக்குக் கிருபா சதனம், முதியோருக்குப் பிரீதி சதனம் எனத் தனி இல்லங்கள் எழுந்தன. கண்ணிழந்தவர்களுக்கு மகள் மனோரமா பிறெயில் எழுத்தைக் கற்பித்தார். பிச்சையிட்டுப் பசியாற்றுவதோடு தொண்டு முடிந்துவிடாது, கைத்தொழிலும் கல்வியும் கொடுத்து நிமிர்ந்து நிற்கச் செய்தல் வேண்டும் என்பதை முக்தி இல்லம் செயலிலே காட்டியது.

வெள்ளையர் சமயத்தைத் தழுவியவர் வெள்ளையர் ஆட்சிக்கும் பணிந்தவராயிருப்பார் என்று கருதுவோர் மற்றொரு செய்தியையும் அறிதல் வேண்டும். 1889ஆம் ஆண்டு பம்பாய்க் காங்கிரஸ் மகாசபைக்கு வந்த பெண் பிரதிநிதிகளுள் அவரும் ஒருவர். 1897ஆம் ஆண்டில் பூனாப் பிளேக்கு வைத்தியசாலையிலே பெண்கள் நடத்தப்பட்ட முறையைக் கண்டித்துப் பத்திரிகையில் அவர் வெளியிட்ட கடிதம் பிரித்தானியப் பாராளுமன்றம் வரை சென்று பேச்சுக்கு இடமாயிற்று.

இறுதிக் காலத்திலே எபிரேயமும் கிரேக்கமும் கற்று, எழுத்தறிவு குறைந்த பெண்களுக்கும் விளங்கும் எளிய மராட்டியில் விவிலியத்தை மொழிபெயர்த்தார். 1919ஆம் ஆண்டில் அரசாங்கம் கைசரி ஹிந்துப் பதக்கம் அளித்தது. 1921ஆம் ஆண்டிலே, தமக்குப் பின் இல்லத்தை நடத்துவாள் என்று நம்பியிருந்த ஒரே மகள் மனோரமா இறந்தார். அடுத்த ஆண்டு ஏப்பிரல் 5ஆந் தேதி இரமாபாயும் மறைந்தார். மொழிபெயர்ப்பு முற்றுப்பெற்றிருந்தது. 1989ஆம் ஆண்டில் இந்திய அரசாங்கம் அவர் நினைவாகத் தபால் முத்திரை வெளியிட்டது.

நம்மை நோக்கிய கேள்வி

இனி, நாம் தொடக்கத்திற் கூறிய கேள்விக்கு வருவோம். நம் பிள்ளைகளைப் பிறர் எடுத்துக்கொண்டனர் என்று வருந்துகின்றோம். அப்பிள்ளைகள் பசித்து நின்றபோது நாம் எங்கே நின்றோம்?

இக்கேள்விக்கு விடை கூறிய இந்துக்களும் இருந்தனர். அவர்களையும் இங்கே நினைத்தல் கடனாகும். சாரதா சதனத்தின் முதல் விதவை மாணவி கோதுபாய் என்பவர். அவரை 1893ஆம் ஆண்டில் பேராசிரியர் கார்வே விவாகம் செய்தார். ஊரார் விலக்கி வைத்தனர், கார்வே கலங்கவில்லை. 1896ஆம் ஆண்டில், மதமாற்றம் என்னும் ஐயத்துக்கே இடமின்றி, இந்து விதவைகளுக்குப் பூனாவிலே தாமே ஓர் இல்லம் தொடங்கினார். அது வளர்ந்து, 1916ஆம் ஆண்டில் பெண்களுக்கான பல்கலைக்கழகமும் தோன்றியது. பஞ்சத்தில் அநாதையான இந்துச் சிறுவரைக் காக்க லாலா லஜபதிராயர் இயக்கம் நடத்தினார். சுவாமி விவேகானந்தர் அமெரிக்காவில் இருந்தபோது, அங்கே இரமாபாயின் ஆதரவாளர்கள் அவரோடு வாக்குவாதம் செய்தனர். சுவாமியோ வாதத்தோடு நிற்கவில்லை. 1895ஆம் ஆண்டில் புறூக்ளின் நகரிலே ஒரு பிரசங்கம் நிகழ்த்தி, அதன் வருவாயை வங்காளத்தில் சசிபத பானர்ஜி நடத்திய இந்து விதவைகள் இல்லத்துக்கு அளித்தார். நம் நாவலர் பெருமானும் 1877ஆம் ஆண்டுப் பஞ்சத்தில் கண்டனம் எழுதிய கையாலேயே யாழ்ப்பாணத்தில் கஞ்சித் தொட்டித் தருமம் நடத்தினார் அன்றோ?

இவர்கள் அனைவரும் அறிந்த உண்மை ஒன்றே. திறந்திருக்கும் கதவைத் திட்டுவதனால் பயனில்லை. நம் வீட்டுக் கதவைத் திறத்தல் வேண்டும். இரமாபாய் என்னும் பேரறிவை நாம் வாதத்திலே தோற்று இழக்கவில்லை. பசித்த குடும்பத்தின் முன்னும், பாடை தூக்க ஆளின்றி நின்ற பெண்ணின் முன்னும், கைக்குழந்தையோடு நின்ற இளம் விதவையின் முன்னும் மூடிய கதவுகளாலே இழந்தோம். கம்பு ரொட்டி கொடுத்த அந்த ஒரு வீட்டைப் போல ஊரெங்கும் வீடுகள் இருந்திருக்குமாயின் அவர் சரிதம் எவ்வாறு நடந்திருக்குமோ, யார் சொல்ல வல்லார்?

வாலிப அன்பர்களே! உங்கள் ஊரிலே தாய் தந்தையற்ற பிள்ளை ஒன்று இருக்கலாம். பாடசாலைக்குப் போக உடையும் புத்தகமும் இன்றி நிற்கும் பிள்ளை ஒன்று இருக்கலாம். அப்பிள்ளையின் சாதியையும் குலத்தையும் விசாரியாது முதலிற் சென்று கைகொடுப்பவர் நீங்களாக இருத்தல் வேண்டும். கைகொடுத்தபின் அதற்கு விலையாக எதனையும் கேளாதிருத்தலும் வேண்டும். மூத்தோரும் அவர்களுக்குத் துணை நிற்பாராக. அவ்வாறு செய்வோமாயின், வேறு சமயத்தவராயினும் பாடையைத் தலையிற் சுமந்த அந்தச் சிறு பெண்ணுக்கு நாம் செய்யத்தக்க மரியாதையைச் செய்தவராவோம்.